இரண்டு கூடை நத்தை ஓடு

"ஆறு செத்துப்போச்சு. இனி அந்த மடத்துக்காரங்க யாருக்குக் காவல் இருக்காங்களாம்?"

பேருந்து நிறுத்தத்தில் மோர் விற்பவள் யாரிடமோ சொன்னது தீர்த்தகிரியின் காதில் விழுந்தது. தம்பி ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்க அவர் போயிருந்தார்.

ஆற்றங்கரை மடத்தில் அவருக்கு இது ஆறாவது வருடம். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரையும் போல அவளை அம்மை என்றுதான் அழைப்பார்.

அந்தக் கோடையில் நாற்பது நாள் அனல். நாணல் வெளுத்துச் சாய்ந்தது. மருதமரம் இலைகளை உதிர்த்துவிட்டது. மீன்கொத்தி வருவது நின்றது. பிறகு ஒரு தூறல். புழுதி அடங்கியது, அவ்வளவுதான்.

ஆடி பிறக்கும் முன் ஆற்றில் கிடக்கும் நத்தை ஓடுகளைச் சுட்டு, அந்தச் சுண்ணாம்பால் மடத்துக்கு வெள்ளையடிப்பது வழக்கம். ஒரு கூடை சேரவே ஒரு வாரம் ஆகும். இந்த முறை வறண்ட மடுவின் வெடிப்புகளில் கைவிட்டு, ஒரே காலையில் இரண்டு கூடை எடுத்துவிட்டார் தீர்த்தகிரி. காளவாயில் விறகு அடுக்கியாயிற்று. அவருடைய துணிப்பையும் தயார்.

"வெள்ளையடிச்சுட்டுத் தம்பி வீட்டுக்குப் போயிடறேன், அம்மை."

"ஏன்?"

"செத்த ஆத்துப் பக்கத்துல உட்கார்ந்து என்ன செய்ய? ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். அவங்களுக்கும் பொழுது போகணும்ல."

அம்மை கூடையிலிருந்து ஒரு நத்தையை எடுத்து நீட்டினாள்.

"விரலை உள்ளே விடுங்க."

"போகலை. வாய் மூடியிருக்கு."

இன்னொன்றை நீட்டினாள். அதுவும் மூடியிருந்தது.

"செத்ததுதான், அம்மை. வெயில்ல காய்ஞ்சு ஒட்டிக்கிச்சு."

அம்மை குடத்தை எடுத்தாள்.

"குடிக்க இருக்கிறதே அரைக் குடம்."

"தெரியும்."

தாம்பாளத்தில் நீர் ஊற்றி நத்தையை அதில் வைத்தாள்.

உச்சி சாய்ந்தது. நத்தை அசையவில்லை.

"தண்ணியும் வீணாப்போச்சு" என்றார் தீர்த்தகிரி.

"உங்களுக்குப் பேருந்தைப் பிடிக்கணும். நத்தைக்கு என்ன அவசரம்?"

வெயில் இறங்கும் நேரத்தில் மூடி ஒரு நகக்கண் அளவு விலகியது. இரண்டு கொம்புகள் வெளியே வந்தன. ஒன்று மெல்ல அவர் பக்கம் திரும்பியது.

தீர்த்தகிரி காளவாயைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"இத்தனை நாள் உள்ளே என்ன செஞ்சுதாம்?"

"நாற்பது நாளா வெயில் தட்டிக்கிட்டே இருந்தது. அது திறக்கலை."

"சுவருக்கு வெள்ளை?"

"அழுக்காவே நிக்கட்டும்."

தீர்த்தகிரி துணிப்பையை அவிழ்த்து வேட்டி சட்டைகளைத் தரையில் கொட்டினார். மூடிய நத்தைகளைப் பொறுக்கிப் பையில் நிரப்பிக்கொண்டு மடுவில் இறங்கினார். வெளுத்த நாணலின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சை முளைத்திருந்தது. அதை மிதிக்காமல் தள்ளி உட்கார்ந்து, அடியில் ஈரம் தட்டும்வரை மண்ணைக் கையால் தோண்டி, ஒவ்வொன்றாக வைத்து மூடினார்.