நாமக்கோழியின் நத்தைப் பட்டி

ஊமத்தங்குளத்தின் நடுவே, கோரைப் புதருக்குள், ஒரு நாமக்கோழி மிதக்கும் கூடு கட்டியிருந்தது. உடல் கரிக்கட்டை நிறம். நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளை நாமம். அதனால் அதற்கு வெண்ணெற்றி என்று பெயர். கூட்டில் நான்கு குஞ்சுகள். பொரிந்து சில நாளே ஆனவை. நீந்தும், பறக்கத் தெரியாது.

ஒரு காலையில் கரைக்கு ஓர் உடும்பு வந்தது. நாக்கை நீட்டிக் காற்றை முகர்ந்தது. கூடு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. உடும்புக்கு நீச்சலும் தெரியும்.

"பயப்படாதே தாயே," என்றது உடும்பு. "உன் குஞ்சுங்க இப்போ என் பல்லிடுக்குக்கும் காணாது. கொஞ்சம் கொழுக்கட்டும். அதுவரைக்கும் எனக்கு நத்தை பிடிச்சுக் கொடு. இன்னிக்கு ஒண்ணு போதும். நாளைக்கு ரெண்டு. மறுநாள் நாலு. தினமும் முந்தின நாளைப்போல ரெண்டு மடங்கு. என்னிக்கு ஒண்ணு குறையுதோ, அன்னிக்குக் குஞ்சுங்க எனக்கு."

வெண்ணெற்றியின் கணவனுக்கு உயிர் வந்தது. ஒரு நத்தை ஒரு முழுக்கில் கிடைத்துவிடும். சரி சொல்லிவிடு என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தது.

வெண்ணெற்றியின் கால்கள் தண்ணீருக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் தண்ணீருக்கு மேலே இருந்த தலை நிமிர்ந்தே இருந்தது.

"சரி அண்ணே. நான் கொண்டுவந்து வைக்கிறதைப் பொழுது சாயறதுக்குள்ள நீங்க தின்னு முடிக்கணும். ஒண்ணு மிச்சம் வெச்சாலும் அப்புறம் இந்தக் குளத்துப் பக்கமே வரக்கூடாது. சம்மதமா?"

உடும்பு வாலால் தரையை அடித்துச் சிரித்தது. "என் வயித்துக்கு அளவு சொல்ல ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும். உடும்பு பிடிச்சா பிடிச்சதுதான். சொன்ன சொல்லும் அப்படித்தான்."

குளத்துத் தவளைகளும் நண்டுகளும் கொக்குகளும் கேட்கட்டும் என்றே அதை உரக்கச் சொன்னது.

நாமக்கோழிக்குக் காலுக்கு நான்கு விரல். இரண்டு காலுக்கும் எட்டு. நாமக்கோழிகள் எதையும் எட்டு எட்டாகத்தான் எண்ணும். வெண்ணெற்றி குஞ்சுகளை இறகுக்குள் இழுத்துக்கொண்டு விரல்களை மடக்கத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஏழாம் நாள் அறுபத்துநாலு. அது உடும்பின் கழுத்து வரை வரும். எட்டாம் நாள் நூற்றிருபத்தெட்டு. அதை எந்த உடும்பாலும் விழுங்க முடியாது.

ஆனால் அந்த எட்டாம் நாளை எட்ட வேண்டுமே! இரட்டிக்கிற கணக்கில் ஒரு குறும்பு உண்டு. எந்த நாளின் பங்கும், அதற்கு முன்னால் கொடுத்த எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைவிட ஒன்று அதிகமாக இருக்கும். எட்டாம் நாள் மட்டும் நூற்றிருபத்தெட்டு என்றால், அதற்கு முந்தைய ஏழு நாளும் சேர்ந்து நூற்றிருபத்தேழு. மொத்தம் இருநூற்றைம்பத்தைந்து. எட்டு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு முப்பத்திரண்டு. அப்படிச் சேர்த்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும்.

"ஏங்க, எழுந்திருங்க," என்றது வெண்ணெற்றி. "இன்னிக்கே முப்பத்திரண்டு பிடிக்கணும்."

கணவன் விழித்தது. கேட்டது ஒன்றுதானே, எதற்கு முப்பத்திரண்டு என்றது. வெண்ணெற்றி அதற்குள் வேலையில் இறங்கிவிட்டது. கோரைத் தண்டுகளை வளைத்து, நெருக்கி, ஆழமில்லாத தண்ணீரில் ஒரு பட்டி அமைத்தது. ஆட்டுக்குப் பட்டி உண்டு, மாட்டுக்குப் பட்டி உண்டு. நத்தைக்குப் பட்டி போட்டது உலகத்திலேயே வெண்ணெற்றிதான்.

அன்று ஒன்றை உடும்புக்கு வைத்துவிட்டு முப்பத்தொன்றைப் பட்டியில் அடைத்தது.

பக்கத்து அல்லி இலையில் இருந்த தவளைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன அக்கா, நத்தைக்குக் கல்யாணமா? ஊரையே அழைச்சு வெச்சிருக்கே."

"ஆமா தம்பி. எட்டாம் நாள் பந்தி. நீயும் வா," என்றது வெண்ணெற்றி.

இரண்டாம் நாளும் முப்பத்திரண்டு. மூன்றாம் நாளும் முப்பத்திரண்டு. ஐந்தாம் நாள் பட்டி குன்றுபோல் நிறைந்திருந்தது. உடும்பு அன்று கேட்டதோ வெறும் பதினாறு. கணவனுக்கு அலகு தேய்ந்துபோயிருந்தது. இன்று ஒரு நாள் ஓய்வெடுத்தால் என்ன, இவ்வளவு இருக்கிறதே என்று கெஞ்சியது.

"இருக்கிறதைப் பார்க்காதீங்க. வரப்போறதைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெண்ணெற்றி தண்ணீருக்குள் முழுகியது. கணவனும் முனகிக்கொண்டே பின்னால் முழுகியது.

ஆறாம் நாள் பிடித்த அத்தனையும் உடும்புக்கே போயிற்று. ஏழாம் நாள் பட்டி இறங்கத் தொடங்கியது. அன்றுதான் கணவனுக்குக் கணக்கு புரிந்தது. அதன் பிறகு அது முனகாமல் முழுகியது.

ஏழாம் நாள் அறுபத்துநாலையும் உடும்பு தின்று முடித்தது. வயிறு தரையில் உரசியது. ஆனாலும் வீறாப்பு குறையவில்லை. "ஒரு வாரமா தின்னுட்டேன். இன்னும் ஒரு நாள் என்ன பெரிய மலையா? குஞ்சுங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு வை."

எட்டாம் நாள் முப்பத்திரண்டையும் பிடித்துப் பட்டியில் சேர்த்தபின் வெண்ணெற்றி எண்ணிப் பார்த்தது. நூற்றிருபத்தொன்பது இருக்க வேண்டும். நூற்றிருபத்தெட்டுதான் இருந்தது. மறுபடி எண்ணியது. அதே நூற்றிருபத்தெட்டு. திரும்பிப் பார்த்தால், கடைக்குட்டியின் அலகு ஓரத்தில் ஒரு நத்தை ஓட்டுத் துண்டு ஒட்டியிருந்தது.

வெண்ணெற்றி அவசரமாக விரல்களை மடக்கிப் பார்த்தது. மிஞ்ச வேண்டிய அந்த ஒன்றுதான் போயிருக்கிறது. உடும்பின் பங்கு குறையவில்லை.

கரைப்பாறையில் நூற்றிருபத்தெட்டு நத்தைகளையும் இரண்டும் சேர்ந்து குவித்தன. உடும்பு வந்து பார்த்தது. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பியும் பார்த்தது.

"இது யார் யாருக்கு?"

"உங்க ஒருத்தருக்குத்தான் அண்ணே," என்றது வெண்ணெற்றி. "இத்தனை நாளா நீங்க தின்ன அத்தனையும் சேர்த்து, மேல ஒண்ணு. நீங்க சொன்ன கணக்குதான்."

குளமே கரையில் கூடியிருந்தது. உடும்பால் பின்வாங்க முடியவில்லை, தின்னத் தொடங்கியது. பாதிக் குவியலில் வேகம் குறைந்தது. அதற்குமேல் இருபது தின்றதும் படுத்துக்கொண்டது. பிறகு வாயில் போட்ட நத்தை தானாகவே வெளியே வந்து, கொம்பை நீட்டி, மெல்லத் தண்ணீரை நோக்கி நடந்தது. அதைப் பார்த்து மற்ற நத்தைகளும் கிளம்பின. உடும்பு கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தது.

பொழுது சாய்ந்தது.

உடும்பு கடைசியாகச் சொல்லை மீறிப் பார்த்தது. கூட்டை நோக்கித் தண்ணீரில் பாய்ந்தது. பாய்ந்த இடத்திலேயே வயிறு சேற்றில் தட்டி நின்றது.

"அண்ணே, உடும்பு சொன்ன சொல்லு?" என்று கேட்டது தவளை. கரை முழுக்கச் சிரித்தது.

உடும்பு எப்படியோ சேற்றிலிருந்து புரண்டு கரையேறியது. வயிற்றை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனதுதான். பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

உனக்குப் பயமே இல்லையா என்று கணவன் கேட்டது.

"பயந்தேன். பயந்ததாலதான் முதல் நாளே கடைசி நாளை எண்ணினேன்," என்றது வெண்ணெற்றி. இப்போது அதன் கால்கள் நடுங்கவில்லை.

மறுநாள் காலை நான்கு குஞ்சுகளையும் பின்னால் வரிசையாக விட்டுக்கொண்டு, வெள்ளை நாமம் வெயிலில் மின்ன, வெண்ணெற்றி குளத்தின் நட்டநடுவே நீந்திப் போனது. கொக்குகள் ஒதுங்கி வழிவிட்டன. தவளை அல்லி இலையில் எழுந்து நின்றது.

சிறிதாகத் தொடங்கி இரட்டிப்பாய் வளரும் ஆபத்தை அது சிறிதாக இருக்கும்போதே எண்ணிப் பார்த்து உழைப்பவரே, தலைநிமிர்ந்து தம் பிள்ளைகளைக் காப்பார்.