யாரும் துரத்தாத ஓட்டம்

மேகம் தினமும் இறங்கி வந்து இளைப்பாறிவிட்டுப் போகும் ஒரு மலைக்காட்டில், துருவி என்றொரு கருமந்தி இருந்தது. எதைப் பார்த்தாலும் என்ன, ஏன், எதற்கு என்று கேட்டுக் குடையாவிட்டால் அதற்குத் தின்ற தளிர் செரிக்காது. அந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது என்று மனிதர்களே காவல் போட்டிருந்தார்கள். அதனால் துருவிக்கு வேடிக்கை பார்க்க மனிதர்கள் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை, மழை ஓய்ந்த பிறகு, ஒரு கூட்டம் வரும். முதல் நாள் இரண்டு பேர் வந்து, ஒற்றையடிப் பாதை நெடுகக் கிளைகளில் சிவப்பு நாடா கட்டுவார்கள். மறுநாள் காலையில் வண்ண வண்ணச் சட்டைக்காரர்கள் அந்த நாடாக்களைப் பார்த்துக்கொண்டே மலையேறி ஓடி வருவார்கள். மூச்சு வாங்கும், முழங்கால் சிராய்த்து ரத்தம் வரும், ஆனாலும் நிற்க மாட்டார்கள்.

போன ஆண்டு அவர்களை முதன்முதலாகப் பார்த்தபோது, பின்னால் புலி வருகிறது என்றே துருவி நினைத்தது. மரத்தின் உச்சிக்குப் போய்க் காத்திருந்தது. புலி வரவில்லை. இன்னொரு மனிதர்தான் வந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே.

யாரும் துரத்தாமல் ஒருவர் ஏன் ஓட வேண்டும்? அன்றிலிருந்து துருவிக்கு இதே யோசனை.

காட்டுப்பன்றியிடம் கேட்டது. முன்னால் எங்கோ கிழங்கு இருக்கும் என்றது பன்றி. காட்டெருதிடம் கேட்டது. எருது அசைபோட்டுக்கொண்டே, தன் புல்லை மிதிக்காத வரை யார் ஓடினால் என்ன என்றது. கருவிழி என்ற பெண் கடமானிடம் கேட்டபோதுதான் ஒரு நேர்மையான பதில் கிடைத்தது.

"காரணம் எனக்கெப்படித் தெரியும், தங்கச்சி? யாராவது ஓடி வந்தால் நானும் ஓடிவிடுவேன். நீ மரத்திலிருந்து குரல் கொடுத்தாலும் ஓடிவிடுவேன். ஏன் என்று கேட்க நின்ற மான் எதுவும் எங்கள் குடும்பத்தில் மிச்சமில்லை."

கருவிழி சொன்னதில் பொய் இல்லை. மந்தி மேலிருந்து ஆபத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பதும், மான் கீழே அதைக் கேட்டு ஓடுவதும் அந்தக் காட்டின் பழைய வழக்கம். இந்த ஆண்டு கருவிழிக்கு ஒரு கன்றும் இருந்தது. எழுந்து நின்றால் இன்னும் கால் நடுங்கும் கன்று. அதைப் பெரணி மண்டிய ஒரு பள்ளத்தில் ஒளித்து வைத்திருந்தது. மனிதர்களின் பாதை அந்தப் பள்ளத்தின் பக்கமே வராமல் மேட்டோடு சுற்றிப் போனது.

நாடா கட்டிய அன்று மாலை, செவலை என்ற செந்நாய் துருவியின் மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தது.

"மனிதர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு திரிகிறாயாமே, தங்கச்சி. எனக்குத் தெரியும்."

துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "சொல்லுங்கள், அண்ணா."

"சும்மா சொல்வார்களா? ஒரு சின்ன வேலை. மேட்டுப் பாதையில் இருக்கும் நாடாக்களைக் காலையில் அவிழ்த்து, பெரணிப் பள்ளத்துக்கு இறங்கும் வழியில் கட்டிவிடு. அவர்கள் ஓடி முடித்ததும் காரணத்தைச் சொல்கிறேன்."

கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஏன் என்று கேட்ட துருவி, செவலையிடம் மட்டும் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பொழுது விடிந்ததும் விடியாததுமாகப் போய் நாடாக்களை அவிழ்த்தது. சுருக்கை இழுத்தால் அவிழ்ந்தன, கிளையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் நின்றன. கடைசி நாடாவைப் பள்ளத்தின் விளிம்பில் கட்டிவிட்டு, வேலை நன்றாக முடிந்தது என்று ஒரு மரத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது.

அங்கிருந்து பார்த்தபோது பள்ளத்தின் மறுபக்கம் தெரிந்தது. பள்ளத்தைவிட்டு வெளியேற அந்தப் பக்கம் பாறைகளுக்கு நடுவே ஒரே ஓர் இடுக்கு. அந்த இடுக்குக்கு வெளியே, புதருக்குள், செவலையும் அதன் கூட்டமும் சத்தமே இல்லாமல் படுத்திருந்தன.

துருவிக்கு இப்போதுதான் விஷயம் புரிந்தது. மனிதர்கள் மேலிருந்து ஓடி வருவார்கள். கருவிழி பயந்து, கன்றோடு இடுக்கை நோக்கி ஓடும். அப்புறம் செவலைக்குத் துரத்துகிற வேலைகூட இல்லை, வாயைத் திறந்து வைத்திருந்தால் போதும். இதற்கா நாடா கட்டினோம் என்று துருவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குரல் தொண்டை வரை வந்துவிட்டது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. குரல் கொடுத்தாலும் கருவிழி ஓடும். ஓடினால் அதே இடுக்குதான். ஆபத்தைக் கண்டும் துருவி கத்தாமல் இருந்தது வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான்.

மேட்டில் காலடிச் சத்தம் கேட்டது. எல்லா நாடாவையும் பழைய இடத்தில் கட்ட நேரமில்லை. பள்ளத்துக்குச் சற்று மேலே வழி இரண்டாகப் பிரியும். ஒன்று பள்ளத்துக்குள் இறங்கும். மற்றது பாறைகளைச் சுற்றிக்கொண்டு இடுக்குக்கு வெளியே போய்ச் சேரும். பிரிவுக்குக் கீழே இருந்த நாடாக்களை மட்டும் பறித்துக்கொண்டு, துருவி மறுவழியில் கிளை கிளையாகத் தாவியது. போகிற போக்கில் ஒவ்வொன்றாகக் கிளைகளில் சுற்றியது. கடைசி நாடாவை, செவலை படுத்திருந்த புதருக்கு நேர் மேலே தொங்கவிட்டது. செவலை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் கண் இடுக்கிலேயே இருந்தது.

முதல் மனிதர் பாறையைச் சுற்றி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். அவர்கள் நாடாவைப் பார்த்தார்களே தவிரப் புதரைப் பார்க்கவில்லை. தடதடவென்று நேராக அதை நோக்கி ஓடி வந்தார்கள்.

முதுகுக்குப் பின்னால் அத்தனை கால்களின் சத்தம் கேட்டதும் செந்நாய்கள் துள்ளி எழுந்தன. யார், எவர் என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சரிவில் உருண்டு, ஓடையைத் தாண்டி, எதிர்மலை ஏறும் வரை நிற்கவில்லை.

மனிதர்கள் திகைத்து நின்றார்கள். அதற்கு மேல் நாடா இல்லை. தண்ணீர் குடித்தார்கள், தலையைச் சொறிந்தார்கள், வழி தவறிவிட்டது என்று பேசிக்கொண்டு வந்த வழியே மேட்டுக்குத் திரும்பினார்கள். பாறைக்கு அந்தப் பக்கம் நடந்தது எதுவும் தெரியாமல், கருவிழி கன்றை நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. துருவி அவசர அவசரமாக எல்லா நாடாவையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய்க் கட்டியது. பிறகு வந்தவர்கள் மேட்டோடு சுற்றிப் போனார்கள்.

மதியம், எதிர்மலைப் பாறையில் செவலை நாக்கைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தது. துருவி அங்கிருந்த மரத்துக்குத் தாவி வந்தது.

"அண்ணா, காரணம் சொல்கிறேன் என்றீர்களே?"

செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"சரி, அது போகட்டும். நீங்கள் ஏன் ஓடினீர்கள்? உங்களை யாரும் துரத்தவில்லையே."

செவலை எழுந்து, வாலைத் தொங்கவிட்டபடி பாறைக்குப் பின்னால் போய்விட்டது.

நீதி: எதைக் கேட்க மறந்தாலும், உன்னிடம் வேலை வாங்குகிறவரிடம் 'இது எதற்கு?' என்று கேட்க மறக்காதே.