வாசலில் நாலு டயர்

அநீதி நடந்தது சேந்தனுக்கு. பழுதான பனி டயர்களைப் பூட்டி அவனைச் சாவுக்கு அனுப்பிவைத்தாள் கடைக்காரி.

இது அவன் தகப்பன் அருளம்பலத்தின் வழக்கு. ஒரு வருடமாக ஊரெல்லாம் சொல்லி ஓய்ந்து, கடைசியில் அவளிடமே சொல்ல வந்தார்.

கனடாவின் வடக்கில், உறைந்த ஏரியை ஒட்டிப் போகும் சாலையின் தொடக்கத்தில் இருந்தது ரூபவதியின் டயர் கடை. அதற்கு அப்பால் கடையே இல்லை. பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்கள் மூன்று ஊர் தாண்டி வந்து அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். அவள் சேந்தனைவிட இளையவள். அதிகம் பேசமாட்டாள்.

காலை பத்து மணி. வானமும் தரையும் ஒரே வெள்ளை. எதற்கும் நிழல் இல்லை.

"என்ரை மகனைச் சாகடிச்சது நீதான், பிள்ளை."

அவள் கையைத் துணியில் துடைத்தாள்.

"டயரிலை பிழை இல்லை, ஐயா."

"அப்ப ஏன் வளைவிலை வண்டி திரும்பேல்லை? நான் போய்ப் பாத்தனான். ரோட்டு வளையுது. தடம் வளையேல்லை. நேரா ஏரிக்குள்ளை போகுது!"

"இண்டைக்கு என்ன வேணும்?"

சண்டைக்கு வந்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏரிக்கு அங்கால சேந்தன்ரை மகள் நிக்கிறாள். எட்டு வயசு. பின்னேரத்துக்குள்ளை ஏத்திக்கொண்டு வரவேணும். வேறை கடை இருந்தால் உன்ரை முகத்திலை முழிக்கமாட்டன். இந்த முறை ஒவ்வொரு பல்லா எண்ணிப் பாத்துத்தான் பூட்ட விடுவன்."

"எண்ணுங்கோ. எத்தனை டயர்?"

"ரெண்டு. பின்னுக்கு."

அவள் அசையவில்லை.

"என்ன பாக்கிறாய்? இழுக்கிறது பின் சில்லு. வன்னியிலை இருவது வருசம் டிராக்டர் ஓட்டினவன் நான். முன் சில்லு சும்மா வழிகாட்டி. பின்னுக்குப் பல் இருந்தால் சேறு என்ன, பனி என்ன?"

"பனியிலை திரும்பவும் நிக்கவும் முன் சில்லுக்கும் பிடி வேணும், ஐயா. சேத்துக்குள்ளை எப்பவாவது பிரேக் அடிச்சனீங்களோ?"

அருளம்பலம் வாயைத் திறந்தார்.

"சேறு தானாப் பிடிச்சு நிப்பாட்டும்..." என்று மெல்லச் சொன்னார். பிறகு கோபம் வந்தது. "கதையை மாத்தாதை!"

அவள் கதையை மாற்றவில்லை. முன்வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

பனி ஒன்பது மணி வரை கொட்டியிருந்தது. அவருடைய பிக்கப் ரோட்டோரத்தில் நின்றது. அவர் பக்கக் கதவால்தான் உள்ளே வந்தார். முற்றம் ஒரு தடமும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

ரோட்டிலிருந்து வாசல் வரைக்கும் ஒரு வண்டித் தடம் வந்திருந்தது.

"எனக்கு முதல் ஆர் வந்தது?"

"நீங்கள்தான் முதல்."

வந்த தடம் உண்டு. போன தடம் இல்லை. வண்டியும் இல்லை.

அருளம்பலம் இறங்கி, தடம் முடிந்த இடத்தில் குந்தினார். வண்டியின் நாலு சில்லும் நின்ற பதிவு அப்படியே இருந்தது. பின் இரண்டும் பல் பல்லாக, அச்சுக் குத்தினது போல. முன் இரண்டும் மழமழவென்று இருந்தன.

கையை வைத்துப் பார்த்தார். பதிவுக்குள் பனி இளகியிருந்தது.

கதவோரச் சுவரில் இரண்டு புது டயர்கள் சாய்ந்திருந்தன.

"போன பனிக்காலத்திலை இருந்து ஒவ்வொரு நாளும் விடிய வாசல்லை நாலு டயர் எடுத்து வைக்கிறன்," என்றாள் ரூபவதி. "ரெண்டைத்தான் எடுக்கிறான். மத்தியானம் பாத்தால் அந்த ரெண்டும் உள்ளுக்கு, பழைய இடத்திலை இருக்கும். நனைஞ்சிருக்கும்."

எடுப்பது யார் என்று அவர் கேட்கவில்லை.

"ஏன் ரெண்டு?"

"அவன் உயிரோடை வந்த அண்டைக்கும் நான் நாலு எண்டுதான் சொன்னனான். கேக்கேல்லை. பிறகு ஒருநாள் இந்தக் கதவுக்குப் பின்னாலை நிண்டு நானும் இதைத்தான் கேட்டன். ஏன் ரெண்டு எண்டு."

"என்ன சொன்னவன்?"

ரூபவதி தடம் முடிந்த இடத்தைப் பார்த்தாள்.

"'ரெண்டு போதும் எண்டு அப்பா சொன்னவர்.'"

எங்கேயோ ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மிகக் கிட்டத்தில். ரோட்டோரத்தில் அவருடைய வண்டி அணைந்துதான் கிடந்தது.

"எத்தனை, ஐயா?" அவள் மறுபடி கேட்டாள்.

அருளம்பலம் அவள் பக்கம் திரும்பவில்லை. சுவரில் சாய்ந்திருந்த டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போனார். மழமழப்பாக இருந்த முன் பதிவுகள் இரண்டின் மேலும் ஒவ்வொன்றை நிறுத்தினார்.

"நாலு, மகனே," என்றார். "நாலையும் எடு."