வெறுங்கையோடு வந்தவளும் ஆடட்டும்

ஆற்றங்கரை மருதமரத்தில் தேனீக்கள் ஒரு கூடு கட்டின. கூடும் புதுசு, ராணி பொன்னாயியும் புதுசு. மழைக்காலத்துக்குள் அறைகளில் தேன் நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் குட்டித் தேனீக்கள் பட்டினி!

பூவைக் கண்ட தேனீ கூட்டுக்குத் திரும்பி வந்து ஆடும். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அந்த ஆட்டமே சொல்லிவிடும். ஆனால் ஆளுக்கொரு திசைக்கு ஆடினால் யார் பேச்சைக் கேட்பது? பாவம், அங்கும் இங்கும் பறந்தே நொந்துபோயின.

"இத்தனை தகவலையும் சேர்த்துப் பார்த்து வழி சொல்ல ஒரு தலைவர் வேணும்!" என்றாள் ராணி. காடு முழுக்கச் சொல்லி அனுப்பினாள்.

முதலில் கருவண்டு மாடப்பன் வந்தார். அடேங்கப்பா, என்ன மினுமினுப்பு! என்ன ரீங்காரம்!

"மலைப்பாறையில இருக்கிற பெரிய கூட்டுக்கே வழி சொன்னவன் நான்! கிழக்கே போங்க. பூ கொட்டிக் கிடக்கும்!"

"பார்க்காமலே சொல்றாரே!" என்று தேனீக்கள் வாயைப் பிளந்தன. தேன் சேர்ப்பதில் கெட்டிக்காரி செவத்தி. "இவரையே வெச்சுக்கலாம் ராணி!" என்று அவள் குதித்தாள்.

அடுத்துத் தேன்சிட்டு வடிவு வந்தாள். அவள் எந்தத் திசையும் சொல்லவில்லை. ஆட்டத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பூ கிடைக்காம வெறுங்கையோடு வந்தவங்க எங்கே?" என்று கேட்டாள்.

மூலையில் இருந்த சில தேனீக்கள் இன்னும் ஒடுங்கிக்கொண்டன.

"அவங்க என்னத்த ஆடுறது? வெட்கக்கேடு! மூலையில போய் உட்கார்ந்துக்குவாங்க. இங்க அதுதான் வழக்கம்" என்றாள் செவத்தி.

"அப்போ காய்ஞ்ச இடத்துக்கே திரும்பத் திரும்பப் போவீங்களே! அவங்க வாயைத் திறக்காம என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்றாள் வடிவு.

"வேலை கேட்டு வந்துட்டு நம்மளயே கேள்வி கேக்குறதப் பாரு!" செவத்திக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

ராணி மூலைப் பக்கம் திரும்பினாள். "பயப்படாம வாங்கடி!"

ஒரு தேனீ தயங்கித் தயங்கி வந்தது. "ராணி, நான் நேத்து கிழக்கேதான் போனேன். புங்கமரத்துல பூவெல்லாம் உதிர்ந்துபோச்சு. ஒரு சொட்டுத் தேன் இல்ல!"

"நானும்தான்!" "நானும்!" என்று மூலையே பேச ஆரம்பித்தது.

மாடப்பன் திருதிருவென்று விழித்தார். "எங்க மலையில கிழக்கே பூ உண்டே!"

"அது உங்க மலைங்க ஐயா. இது எங்க ஆத்தங்கரை!" என்று சிரித்தாள் ராணி.

வடிவுக்கு வேலை கிடைத்தது. அன்று முதல் வெறுங்கையோடு வந்த தேனீயும் ஆடியது, 'அங்கே பூ இல்லை' என்று பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்து வடிவு வழி சொன்னாள். வீண் அலைச்சல் குறைந்தது.

ஒருநாள் செவத்தியே வெறுங்கையோடு வந்தாள். மூலைக்குப் போகத்தான் கால் இழுத்தது. ஆனாலும் நடுவில் வந்து நின்று, பின்பக்கமாக ஒரு ஆட்டம் போட்டாள் பாருங்கள்! கூடே சந்தோஷத்தில் ரீங்கரித்தது.

முதல் மழை விழுந்தபோது எல்லா அறையிலும் தேன். குட்டித் தேனீக்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கின.

ஆகவே, தலைமைக்கு ஆள் தேடும்போது, கேட்ட உடனே பதிலை அள்ளி வீசுகிறவரை விட, தோற்றுத் திரும்பியவரையும் கூப்பிட்டுக் கேட்கிறவரையே தேர்ந்தெடுக்க வேண்டும்.