இலை எடுத்த கை

“இதுக்கு மேல எப்படிம்மா இறுக்கிப் பிடிக்கிறது?”

வந்ததும் வராததுமாகக் கத்தினார் ஏகாம்பரம். மடத்தின் தலைவி பரஞ்சோதி அம்மா அவரைவிட வயதில் சின்னவர். அதனால் என்ன, குரு குருதான்.

“எதைப் பிடிக்கிறது?”

“கெட்ட கொழுப்பை! ஈரல்ல ஒவ்வொரு செல்லுக்கும் மேலே கை மாதிரி ஏற்பிகள் இருக்கு. ரத்தத்துல போற கொழுப்பைப் பிடிச்சு உள்ளே இழுத்துட்டுப் போகும். என் மக மாதங்கிக்கு அந்தப் பிடி தளர்ச்சி. முழங்கையில கொழுப்பு முடிச்சு முடிச்சா நிக்குது. எட்டு வயசும்மா! இதயம் எத்தனை நாள் தாங்கும்?”

“நீங்கதான் மருந்து கண்டுபிடிக்கிற ஆளாச்சே.”

“கண்டுபிடிச்சேனே! பிடியை உடும்புப் பிடியா ஆக்கினேன். எலிக்குக் கொடுத்தா காலையில கொழுப்பு இறங்குது, சாயங்காலம் பழையபடி ஏறுது. இன்னும் இறுக்கினேன். இன்னும் மோசம்! பதில் சொல்லுங்க.”

“சொல்றேன். ஒரு பந்திக்கு இலை எடுங்க.”

“அரைப் பந்தி.”

“முழுப் பந்தி. எடுத்த இலையைக் கீழே போடவும் கூடாது.”

“அநியாயம்!”

“வேணாம்னா கிளம்புங்க.”

கிளம்புவாரா?

அன்னதானக் கூடத்தில் எச்சில் இலைகள் வரிசையாகக் கிடந்தன. அடுத்த பந்திக்காரர்கள் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஏகாம்பரம் பாய்ந்தார். மடக்கினார், மார்போடு அணைத்தார். அடுத்தது. அடுத்தது. ரசம் முழங்கை வழியாக வேட்டிக்கு இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் குனியவே முடியவில்லை. வரிசையில் கால்வாசிகூடத் தீரவில்லை.

“யோவ், இலையைக் கட்டிப்பிடிச்சுட்டு ஏன்யா நிக்கிறே? பசிக்குதுய்யா!” என்று வாசலிலிருந்து ஒருவன் கத்தினான்.

“எடுக்கக் கை இல்லய்யா!”

“அண்டாவுல போட்டுத் தொலைச்சிட்டு வாயேன்!”

“போடக் கூடாதாம்!”

“எந்தக் கிறுக்கு சொல்லிச்சு?”

“நான்தான்,” என்றார் பரஞ்சோதி அம்மா.

ஏகாம்பரம் அவரைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். வாய் பிளந்தது.

இலைகள் அத்தனையும் தொப்பென்று அண்டாவில் விழுந்தன.

“அம்மா! ஈரல் செல்லுக்குள்ள கொழுப்பைப் போட்டாத்தானே அந்தக் கை அடுத்ததைப் பிடிக்கத் திரும்பும்! உள்ளே போன கை வெளியே வரலம்மா! நான்தான் இறுக்கி இறுக்கி வர விடல!”