பதினோரு அடி

மாசிலாமணி மடத்துக்கு வந்தபோது பிற்பகல் இரண்டு மணி வெயில் கொளுத்தியது. கையில் ஒரு கோப்பு. அவர் பொறியாளர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. ஒன்பது ஆண்டுகளாக மடத்தம்மாவின் சீடர். மடத்தம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அதை இருவருமே பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மடத்தம்மா கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

“வெயிலில் வந்திருக்கிறீர்கள். முதலில் குடியுங்கள்.”

ஒரு சொம்புத் தண்ணீர். அந்த மடத்தில் கொடுத்ததை மீதி வைக்கும் வழக்கம் இல்லை. மாசிலாமணி குடித்து முடித்தார்.

“ஒரு கேள்வி அம்மா.”

“கேளுங்கள்.”

“பெண்கள் பள்ளியில் புதிய கழிப்பறை. பத்து அறைகள். கட்டடத்தை ஓர் அறக்கட்டளை கட்டியது. தெருவிலிருந்து குழாயை நகராட்சி கொண்டுவந்தது. மோட்டாரை எங்கள் துறையில் இன்னொரு பிரிவு வைத்தது. மூவரும் தங்கள் வேலை முடிந்தது என்று தாள் கொடுத்துவிட்டார்கள்.”

“நல்ல செய்திதானே?”

“குழாய் மதிற்சுவர் வரைக்கும் வந்து நிற்கிறது. மோட்டார் உள்ளே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பதினோரு அடி. அந்தப் பதினோரு அடி யாருடைய திட்டத்திலும் இல்லை. பதினான்கு மாதமாக ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.”

“பிள்ளைகள்?”

“இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நாலரை மணி வரை அடக்கிக்கொள்கிறார்கள். பாட்டிலில் கொண்டுவரும் தண்ணீரை யாரும் குடிப்பதில்லையாம். அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போகிறதாம். தலைமையாசிரியை சொன்னார்.”

மடத்தம்மா சொம்பில் நீர்மோர் ஊற்றி அவர் முன் வைத்தார்.

“நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“கடிதம் எழுதினேன். ஆளுக்கு ஐந்து. மூவரும் மரியாதையாகப் பதில் எழுதினார்கள். ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கேட்கச் சொன்னார்கள்.”

“மோர் சூடாகிறது.”

குடித்தார். பிறகு கோப்பைத் திறந்து, கடைசித் தாளில் கோடு போட்டிருந்த இடத்தைக் காட்டினார்.

“இன்று நாலு மணிக்குக் கூட்டம். மூவரும் வருகிறார்கள். நாலாவது கையெழுத்து நான் போட வேண்டும். போட்டால் திட்டம் முடிந்தது. அதன் பிறகு அந்தப் பள்ளிப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். போடாவிட்டால் மூவரும் சேர்ந்து என் மேல் பாய்வார்கள்.” கோப்பை மூடி மடியில் வைத்தார். “மூன்று தாளிலும் ஒரு பொய்கூட இல்லை அம்மா. மூவரின் வேலையும் முடிந்தது என்று நான் எழுதப்போவதும் பொய் இல்லை. அப்படியானால் ஏன் கை வரவில்லை? குற்றம் யாருடையது?”

“சொல்கிறேன். இந்தப் புளி முடியட்டும்.”

மூன்றாவது சொம்பு வந்தது. பானகம். அதையும் குடித்தார்.

புளி நிறைய இருந்தது. மடத்தம்மா ஒவ்வொரு கொட்டையாக எடுத்தார். அரை மணி நேரம் போயிற்று. மாசிலாமணி சம்மணத்தை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றிப் போட்டார். ஐம்பத்தொன்பது வயதில் குடித்த நீர் அதிக நேரம் சும்மா இருக்காது.

“அம்மா, பின்பக்கம் போய்விட்டு வருகிறேன்.”

“போய் வாருங்கள்.”

கொல்லையில் மடத்தின் கழிப்பறை இருந்தது. கதவில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது.

பக்கத்தில் பவளக்கொடி விளக்குமாற்றை வெயிலில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“பவளக்கொடி, இது ஏன் பூட்டியிருக்கிறது?”

“காலையிலயே கழுவி விட்டுட்டேனே அய்யா. உள்ள போய்ப் பாருங்க, முகம் தெரியும்.”

“உள்ளே எப்படிப் போவது? சாவி எங்கே?”

“கழுவுறதுதான் என் வேலை. சங்கிலியக் கேளுங்க.”

தண்ணீர் நிரப்பும் சங்கிலி கிணற்றடியில் இருந்தான்.

“தொட்டி தளும்ப நிரப்பிட்டேன் அய்யா. சந்தேகம்னா ஏறிப் பாருங்க, ஏணி கொண்டாறேன்.”

“ஏணி வேண்டாம். சாவி.”

“பூட்டு மாட்டினது ஆசாரிதானே?”

தச்சர் துரைக்கண்ணு மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். மாசிலாமணி அங்கே போய்ச் சேர்ந்தபோது நடை ஓட்டமாகியிருந்தது.

“பூட்டு மாட்டச் சொன்னாங்க, மாட்டினேன். நல்ல பூட்டு அய்யா. திருடன் வந்தாலும் திறக்க முடியாது.”

“சாவி?”

“சாவியப் பத்தி யாரும் எதுவும் சொல்லலையே. கழுவினவளக் கேட்டீங்களா?”

“கேட்டேன்!”

“தண்ணி நிரப்பினவன?”

“அவனையும் கேட்டேன்!”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. சாயங்காலம் அம்மாகிட்ட சேர்த்துடறேன்.”

மாசிலாமணியின் முகம் சிவந்தது. ஒன்பது ஆண்டுகளில் அந்த மடத்தில் யாரும் அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை.

“யார் கழுவினால் எனக்கென்ன? யார் நிரப்பினால் எனக்கென்ன? மூன்று பேரும் வேலையைச் செய்துவிட்டீர்கள், நான் எங்கே போவது? கதவைத் திறக்கப் போகிறவர் யார்? எத்தனை நிமிடத்தில்? அதைச் சொல்லுங்கள்!”

துரைக்கண்ணு இழைப்பதை நிறுத்தினார். கிணற்றடியில் சங்கிலியின் கயிறு நின்றது. பவளக்கொடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குமேல் நிற்க முடியாமல், மாசிலாமணி வேலியைத் தாண்டிப் புதருக்குள் போனார்.

திரும்பிக் கூடத்துக்கு வந்தபோது மடத்தம்மா புளியை மூடி வைத்திருந்தார்.

“சாவி கிடைத்ததா?”

“இல்லை.”

“பிறகு?”

“வேலிக்கு அந்தப் பக்கம் போனேன்.”

மடத்தம்மா அவருடைய கால்சட்டையில் ஒட்டியிருந்த நாயுருவி முட்களைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளைகளுக்கு எந்த வேலி?”

மாசிலாமணி உட்கார்ந்தார். முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“என் ஆட்கள் மூவரில் யார் பொய் சொன்னார்கள்?” என்று மடத்தம்மா கேட்டார்.

“யாரும் சொல்லவில்லை.”

“நீங்கள் கத்தியது இங்கே கேட்டது. எப்போது கத்தினீர்கள்?”

“பொறுக்க முடியாமல் போனபோது.”

“பதினைந்து கடிதம் எழுதினீர்களே. ஒன்றிலாவது இப்படிக் கேட்டீர்களா? யார் என்று? எந்தத் தேதிக்குள் என்று?”

மாசிலாமணி கோப்பைத் திறந்து கடிதங்களைப் புரட்டினார்.

“இல்லை அம்மா. ‘ஆவன செய்யுமாறு’ என்று எழுதினேன்.” பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எழுதியபோது எனக்கு எதுவும் முட்டவில்லை.”

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருந்தது. அவர் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“பதினோரு அடியைப் பற்றி இன்று கேட்பீர்களா?”

“கேட்கிறேன்.”

மடத்தம்மா சொம்பை விளிம்புவரை நிரப்பி நீட்டினார்.

“குடித்துவிட்டுப் போங்கள்.”

மாசிலாமணி சொம்பைப் பார்த்தார். மடத்தம்மாவைப் பார்த்தார்.

“கூட்டம் இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும் அம்மா. நடுவில் முட்டினால்?”

“அப்போது கேளுங்கள்.”