பங்குனியில் எண்ணிய மரங்கள்

வறண்ட காடுகள் உள்ள நான்கு நாடுகளும் ஒரே படிவத்தில் காட்டை அளப்பதென்று முடிவாகியிருந்தது. குறித்த நாளோ பங்குனியில் விழுந்தது. மழைக்குத்தான் மறுபடி துளிர்க்கும் வெக்காலி மரங்களில் அப்போது ஓர் இலைகூட இருக்காது.

திட்ட அதிகாரி சேதுராஜன் அண்ணாந்து பார்த்தார். "இலையில்லாததெல்லாம் பட்ட மரம். நானூற்றுப் பத்து. ஆடு மேய்ந்து அழிந்ததுன்னு எழுதியிருக்கேன். வாட்சர் கையெழுத்துப் போடு."

காட்டுக் காவல் பார்க்கும் வாட்சர் ஜடையன் பேனாவை வாங்கினான். போட்டால் அவன் ஊரில் அறுபது வீட்டுக்கும் மேய்ச்சல் நின்றுவிடும். போடாவிட்டால் அவன் வேலை போய்விடும்.

"போடறனுங்க ஐயா. பட்ட மரத்தை ஊர்க்காரங்க விறகுக்கு வெட்டிக்கலாம்னு உங்க உத்தரவே இருக்குதுங்க. இந்த நானூத்திப் பத்துக்கும் ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, பொழுது சாயறதுக்குள்ள கோடாலியோட வந்துருவாங்க" என்று பேனாவை அவரிடமே நீட்டினான்.

இலங்கையிலிருந்து அளக்க வந்திருந்த அதிகாரியம்மா திரும்பினார். "எழுதிக் குடுங்கோவன் சேர். செத்த மரம்தானே?"

சேதுராஜன் பேனாவை வாங்கவில்லை. "உயிரோட நிக்கிற மரத்தை வெட்டச் சொல்லி நான் எப்படிய்யா எழுதிக் கொடுப்பேன்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அந்த அம்மா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப பட்ட மரம் எண்ட இடத்தில சைபர் போடட்டோ?"

சேதுராஜன் தலையசைத்தார். திருத்திய தாளில் ஜடையன் கையெழுத்துப் போட்டான்.